பேச்சுக்கு நடுவே ஒரு கிட்டார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். கோயம்புத்தூரில் முப்பது பேர் அமரக்கூடிய ஒரு சிறிய உணவகத்தில், சனிக்கிழமை மாலைதோறும் கிட்டார் வாசித்துக்கொண்டே இளையராஜா, ஏ.ஆர். ரகுமான் பாடல்களைத் தனியாகப் பாடி வருகிறேன். எட்டு மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிட்டால் யாரும் பாட்டைக் கவனிப்பதில்லை. ஒலியைக் கூட்டினால் அவர்களும் உரக்கப் பேசுகிறார்கள்; ஸ்பீக்கர் வேறு ஊளையிடத் தொடங்கிவிடுகிறது. பாடுவதையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பாடுவதை விட வேண்டாம், ஒலியைக் குறையுங்கள். நீங்கள் சனிக்கிழமைதோறும் காண்பதை எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதியிருக்கிறார்: சுற்றிலும் இரைச்சல் மிகும்போது, பேசுகிறவர் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்திக்கொள்கிறார். நீங்கள் ஒரு படி ஏற்றினால் எட்டு மேசைகளும் ஒரு படி ஏறுகின்றன. அந்தப் போட்டியில் ஒற்றைக் குரலும் ஒற்றைக் கிட்டாரும் வென்றதை இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. முதல் பாடலிலேயே ஒலியைச் சற்றுத் தாழ்வாக வைத்து, கூட்டம் சேர்ந்த பிறகும் அதை ஏற்றாமல் இருந்து பாருங்கள். கேட்க விரும்புகிறவர்கள் உங்களுக்கு அருகில் உள்ள மேசையைத் தாமே தேடி வருவார்கள்.

ஊளைக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கர் இருக்கும் இடம்தான். இடம் போதாத உணவகங்களில் அதைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். அதிலிருந்து வரும் ஒலி நேரே மைக்கின் வாய்க்குள் புகுந்து, மறுபடி ஸ்பீக்கருக்கே போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். பாடுவதற்கு வழக்கமாகப் பயன்படும் மைக், முன்னால் வரும் ஒலியை வாங்கிப் பின்னால் வருவதைப் பெருமளவு ஒதுக்கும் வகையைச் சேர்ந்தது. ஆகவே, மைக்கின் பின்புறம் ஸ்பீக்கரைப் பார்க்கும்படியாக, உங்களுக்கு ஓரடி முன்னே, பக்கவாட்டில், அமர்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே நிற்குமாறு ஸ்பீக்கரை ஸ்டாண்டில் ஏற்றி வையுங்கள். அதன் பிறகும் ‘பூம்’ என்று அடித்தொனி முழங்கினால், அது கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று அதிர்வதால் வருவது; பேஸைக் குறைப்பதும், கிட்டாரின் வாயை மூடும் ரப்பர் தட்டைப் பொருத்துவதும் போதும். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். ஆறு மணிக்கு வெற்று அறையில் ஒலியைச் சரிபார்க்கும்போது கண்ணாடியும் டைல்ஸும் அதை எதிரொலித்துத் தரும். ஆட்கள் வந்து அமர்ந்ததும் அவர்களுடைய உடலும் உடையும் அந்த எதிரொலியை உறிஞ்சிவிடுவதால், குரல் வறண்டுபோனதாகத் தோன்றும். அப்போது மொத்த ஒலியை ஏற்றாமல், குரலுக்கு மட்டும் எக்கோவைச் சிறிது கூட்டினால் நலம்.

பாடல்களைப் பொறுத்தவரை, நாற்பது வயலின்கள் வாசித்த இடையிசையை ஒரு கிட்டாரில் கொண்டுவர முயல்வது வீண்வேலை என்பது என் கருத்து. பல்லவி முடிந்ததும் நான்கு தாளக்கட்டு மட்டும் வாசித்துவிட்டுச் சரணத்துக்குப் போய்விடலாம். மூலப் பாடலின் சுருதியைப் பிடித்துக்கொண்டு தொண்டையை வருத்தாமல், கிட்டாரின் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை நகர்த்தி உங்கள் குரலுக்கேற்ற சுருதியில் பாடுங்கள். நாற்பத்தைந்து நிமிடம் பாடிப் பதினைந்து நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி நாற்பத்தைந்து நிமிடம் பாடுவதே குரலுக்குத் தாங்கும். கைதட்டல் இல்லையே என்று வருந்தவும் தேவையில்லை. பரோட்டாவைப் பிய்க்கும் கையால் யாரும் தட்டுவதில்லை. ஆனால் தெரிந்த பல்லவி ஒன்று வரும்போது உதடுகளைக் கவனியுங்கள், எத்தனை மேசைகள் உங்களோடு பாடுகின்றன என்பது தெரியும்.

கேள்வி: மொட்டை மாடியில் உள்ள காபிக் கடையில் கரோக்கி வைத்துப் பாட அழைக்கிறார்கள். காப்புரிமைப் பிரச்சினை வந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று கையெழுத்துக் கேட்கிறார் உரிமையாளர். போடலாமா? (மதுரை வாசகி)

பதில்: போட வேண்டாம் அம்மா. பாடலின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய உரிமைத்தொகையை வசூலிக்கவென்று 1969-இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. பாடல்களைப் பொது இடத்தில் நேரடியாகப் பாடுவதற்கான உரிமத்தை வழக்கமாக இடத்தை நடத்துகிறவரோ நிகழ்ச்சியை ஏற்பாடு செய்கிறவரோதான் அங்கே பெற்றுக்கொள்வார்கள். பதிவுசெய்த இசையை ஓடவிடுவதானால் அந்த ஒலிப்பதிவுக்கும் தனியே உரிமை உண்டு என்பதால், கரோக்கியில் இந்தக் கணக்கு இரண்டாகிறது. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில், அனுமதியற்ற நிகழ்ச்சிக்கு லாப நோக்கோடு இடம் கொடுத்தவரும் பொறுப்பாளியாகிறார். தமக்கு இது தெரியாது என்று அவர் மெய்ப்பித்தால்தான் விலக்கு. அந்தத் தாள் ஒருவேளை இதற்காகவே தயாராகியிருக்கலாம். மொட்டை மாடி திறந்தவெளி என்பதையும் கவனியுங்கள்: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே ஒலிபெருக்கி கூடாது, மற்ற நேரங்களிலும் எழுத்துபூர்வ அனுமதி தேவை. அதை வாங்குவதும் கடைக்காரர் வேலையே. நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு: தேதி, பாடும் நேரம், தொகை, முன்பணம், மழை வந்தால் என்ன என்பவை எழுதப்பட்ட ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது கையில் இருக்கட்டும். ‘சாப்பாடு போட்டுவிடுகிறோம்’ என்பது தொகை ஆகாது.

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடும்போது மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. மைக்கை மாற்ற வேண்டுமா? (திருச்சி வாசகர்)

பதில்: மைக்கின் குற்றம் அன்று; எர்த் சரியில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் கேபிளின் உறை வழியே ஆம்ப்ளிஃபயரோடும், மைக்கின் வலை, ஒலிகளைக் கலந்து தரும் மிக்சர் கருவியோடும் இணைந்திருக்கும். இவ்விரண்டும் வெவ்வேறு சாக்கெட்டில் செருகப்பட்டு ஒன்றுக்கு எர்த் இல்லாமல் போனால், நடுவில் பாலமாவது உங்கள் உடல்தான். அந்த இடத்தில் எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரிசெய்து, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருப்பதை உறுதிசெய்யும் வரை பாடாதீர்கள். பிறகும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் பாடும் முன் மைக் வலையை டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். பஞ்சால் ஆன மைக் உறை ஷாக்கை மறைக்குமே தவிர நீக்காது. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகச் சொன்னால், கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.