பையன் சோம்பேறி இல்லம்மா, ஷூதான் ரொம்ப வெள்ளையா இருக்கு

கேள்வி: என் பையன் ரெண்டாங்கிளாஸ். வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட், அதுல ஒண்ண மேத்ஸ் மிஸ் வாங்கிக்கிறாங்க. இன்டர்வெல்ல ஓடினா விழுந்துடுவாங்கன்னு கிளாஸ்லயே உக்கார வைக்கிறாங்க. கிரவுண்டுக்கு விட்டாலும் ஷூ அழுக்காகும்னு இவனே ஓரமா நின்னுடுறானாம். வீட்டுக்கு வந்தா செல்போன். ஸ்கூல்ல போய் நான் என்னன்னு கேக்கறது?
- ஒரு அம்மா, புதுப்பாளையம், கடலூர்

பதில்: ஸ்கூல் மேல நீங்க சொன்ன குறை எல்லாமே நியாயம்தாம்மா, ஆனா எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்த ஷூதான். ஏழு வயசு பையனுக்கு ஷூ அழுக்காகுமேங்கற கவலை தானா வராது, யாரோ தெனம் சொல்லிச் சொல்லி வந்திருக்கு. திட்டறேன்னு நினைக்காதீங்க, நானும் என் பொண்ணுகிட்ட இதையேதான் சொன்னேன், துவைக்கிறவளுக்குத்தானே தெரியும் அந்த கஷ்டம். நாளைக்கு காலைல கிளம்பும்போது "இன்னிக்கு அழுக்கு பண்ணிட்டு வாடா"ன்னு சொல்லி அனுப்புங்க. ரெண்டு நாள் நம்ப மாட்டான், அப்புறம் முட்டி வரைக்கும் மண்ணோட வந்து நிப்பான், அன்னிக்கு மூஞ்சிய சுளிச்சுடாதீங்க.

இப்ப ஸ்கூலுக்கு வருவோம். பி.டி. பீரியட குடுங்கன்னு போய் நின்னா "போர்ஷன் முடிக்கணும் மேடம்"னு ஒரே வரியில அனுப்பிடுவாங்க. அதுக்கு பதிலா கண்ண பத்திப் பேசுங்க, பிள்ளைக்கு கண்ணாடி வந்துடுமோங்கற பயம் எல்லா வீட்லயும் இருக்கு. சீனாவுல குவாங்சோ ஊர்ல 12 ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் பசங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுல 6 ஸ்கூல்ல மட்டும் ஸ்கூல் இருக்கற நாள்ல எல்லாம் 40 நிமிஷம் கூடுதலா வெளியில விட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு பாத்தா வழக்கம்போல உள்ளயே இருந்த ஸ்கூல்கள்ல நூத்துக்கு கிட்டத்தட்ட 40 பேருக்கு கிட்டப்பார்வை வந்திருக்கு, வெளியில விட்ட ஸ்கூல்கள்ல 30 பேருக்கு. 2015ல வெளிவந்தது இது. பெரிய மாயம் எதுவும் இல்ல, வெளிச்சம்தான் காரணம்னு சொல்றாங்க. கிளாஸ்ல டியூப்லைட் போட்டாலும் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்த அளக்கற அளவு) வரும், வெளியில மர நிழல்லயே பல ஆயிரம் கிடைக்கும்.

சரி, அந்த 40 நிமிஷத்துக்கு எங்க போறது? வேன்ல வர்ற பசங்கள பாருங்க, எட்டேகாலுக்கே கொண்டாந்து இறக்கிட்டுப் போயிடுவான், ஒம்போது மணி பெல் அடிக்கிற வரைக்கும் வாயில விரல வெச்சுக்கிட்டு கிளாஸ்ல உக்காந்திருக்கும்ங்க. அந்த நேரத்ததான் கேக்கணும். எந்த மிஸ்ஸோட பீரியடும் போகாது, வெயிலும் ஏறியிருக்காது, வேப்பமரத்தடியில ஒரு மிஸ் நின்னா போதும். மத்தியானம் வேணாம், நம்ம ஊர் வெயில்ல பன்னெண்டு மணிக்கு பிள்ளைங்கள விட்டா நானே சண்டைக்கு வருவேன்.

விழுந்துட்டா என்ன பண்றதுன்னு அவங்க பயப்படறதுலயும் தப்பு சொல்ல முடியாது, ஒரு சிராய்ப்புக்கு ஒம்போது பேர் கிளம்பிப் போய் கத்தறோமே. அதனால தனியா போகாதீங்க, அஞ்சாறு அம்மாங்களா சேந்து "முட்டி சிராய்ச்சா நாங்க சண்டைக்கு வர மாட்டோம்"னு எழுதி கையெழுத்து போட்டு எடுத்துட்டுப் போங்க, அதுக்கு நல்ல மதிப்பு இருக்கும். ஸ்கூல்னா விளையாட்டு மைதானமும் விளையாட்டு சாமானும் இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, ஆனா அத கடைசிக்கு வெச்சுக்கங்க, எடுத்த எடுப்புல சட்டம் பேசினா காரியம் கெட்டுடும்.

வெளிய விட்டதும் லைன்ல நிக்க வெச்சு லெஃப்ட் ரைட் போட வேணாம்னு சொல்லிடுங்க, அது விளையாட்டே இல்ல. நாலு சாக்பீஸ், ரெண்டு கயிறு, பழைய சைக்கிள் டயர், முடிஞ்சா ஓரமா கொஞ்சம் மணல், அவ்ளோதான் வேணும். கல்லா மண்ணா, கொலகொலயா முந்திரிக்கா, பாண்டி (ஆட்டத்த சொல்றேன், பக்கத்து ஊர இல்ல) இதெல்லாம் நாலாங்கிளாஸ் அஞ்சாங்கிளாஸ் பொண்ணுங்க சொல்லிக் குடுத்தா சின்னதுங்க ஒரே நாள்ல பிடிச்சுக்கும். உங்க பையன் மாதிரி ஓரமா நிக்கறவன ஓட்டப்பந்தயத்துல பிடிச்சு தள்ளக்கூடாது, சாக்பீஸ கையில குடுத்து கட்டம் போடச் சொல்லணும், போட்டவன் தாண்டிப் பாக்காம விடமாட்டான்.

அஞ்சு வயசுக்கு மேல சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷமாவது பிள்ளைங்க நல்லா ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஸ்கூல்ல 40 ஆச்சுன்னா மிச்சம் 20 நிமிஷம்தான், அத தெருவுலயே முடிச்சிடலாம். செல்போன பிடுங்காதீங்க, கையில எடுக்கறதுக்கு முன்னாடி கீழ அனுப்பிடுங்க. ஞாயித்துக்கிழம சில்வர் பீச்சுக்குப் போனா பஜ்ஜி தின்னு செல்ஃபி எடுத்துட்டு திரும்பாம செருப்ப கழட்டிட்டு மணல்ல நீங்களும் அவன தொரத்துங்க, தண்ணி கிட்ட மட்டும் கைய விடாதீங்க.

மழைக்காலத்துல என்ன பண்றதுன்னு ஸ்கூல்ல கண்டிப்பா கேப்பாங்க. ஐப்பசி கார்த்திகைல கிரவுண்டு குளமாத்தான் கிடக்கும், அந்த ரெண்டு மாசம் வராண்டாவுல கயிறு தாண்டட்டும்னு சொல்லிடுங்க.