உப்புக்காற்றுக்கு எந்த வயர்லெஸ் சார்ஜர்?

அண்ணே, மண்டபம் கடற்கரையில் உங்களுக்கு மீன் ஏலம் எடுக்கும் வேலை, கையில் ஐபோன் 13, கேபிளைச் சொருகினால் அடிக்கடி 'ஈரம்' என்று எச்சரிக்கை, அதனால் வயர்லெஸ். தட்டைப் பேட் சார்ஜரா, காந்தத்தால் ஒட்டும் சார்ஜரா என்று கேட்டிருந்தீர்கள். காந்தம்தான்.

சார்ஜரிலும் போனிலும் உள்ள செம்புச் சுருள்கள் நேருக்கு நேர் இருந்தால்தான் மின்சாரம் ஒழுங்காகக் கடக்கும். தட்டைப் பேடில் போன் கொஞ்சம் விலகினாலும் சூடுதான் ஏறும், சார்ஜ் ஏறாது. நான் ஒருமுறை இரவில் வைத்துவிட்டுத் தூங்கினேன். மெசேஜ் அதிர்வில் போன் நழுவி, விடியற்காலை கரைக்குக் கிளம்பும்போது 12 சதவீதம். காந்தத்தில் அந்தத் தொல்லை இல்லை, அதுவே சரியான இடத்தில் கவ்விக்கொள்ளும்.

ஆனால் 'மேக்னெட்டிக்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மலிவானவை பல உங்கள் போனுக்கு 7.5 வாட்தான் தரும். 'சீ2' (Qi2) என்ற வயர்லெஸ் சார்ஜிங் தர முத்திரை இருந்தால் 15 வாட் வரை போகும். அதற்குப் போனில் ஐஓஎஸ் (ஐபோனின் மென்பொருள்) 17.2 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 20 வாட் அடாப்டர் பெட்டியில் இல்லாவிட்டால் அதற்கும் காசு ஒதுக்குங்கள். தடித்த கவர் போட்டால் காந்தம் பிடிக்காது, காந்த வளையம் பதித்த கவராக வாங்குங்கள். ஸ்டாண்டு மாடலா என்பது உங்கள் வசதி.

அப்புறம், கேபிள் சொருகும் ஓட்டை ஈரமாக இருந்தால் அதில் பஞ்சு, குச்சி எதையும் விடாதீர்கள். வாய் கீழாகப் பிடித்து மெதுவாகத் தட்டி, காற்றாட வையுங்கள். அவசரமென்றால் போனின் முதுகை நன்றாகத் துடைத்துவிட்டு வயர்லெஸில் போடலாம்.