சமையலுக்குப் பூண்டை எப்படி உரித்துப் பக்குவப்படுத்துகிறீர்கள்?

பூண்டை எளிதாக உரிக்க வழி என்ன, உரித்ததை நறுக்குவதா, நசுக்குவதா, அரைப்பதா, கடையில் விற்கும் விழுதை வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளாக வீட்டுச் சமையலைப் பார்த்து வருகிறேன். அதில் பாதிக் காலம் ஆச்சியின் மேற்பார்வையில் கழிந்தது. உரிக்கும் வழியைப் பலரும் விசாரிப்பார்கள். உரித்த பல்லை எந்த அளவுக்கு உடைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு, ஆனால் குழம்பின் ருசி பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் இதற்குப் பூடு, வெள்ளைப்பூடு என்று பெயர். கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம் போன்ற வட மாநிலங்களிலிருந்து வருவது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் காரமும் மணமும் கூடுதல், விலையும் கூடுதல், புவிசார் குறியீடும் பெற்றது. எதை வாங்கினாலும் கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். கல் போல இறுகியிருந்தால் நல்லது. அமுங்கினாலோ, கனமில்லாமல் சலசலத்தாலோ உள்ளே பல் வற்றிப்போயிருக்கும்.

அறுவடை முடிந்து உடனே சந்தைக்கு வந்த புதுப்பூண்டின் தோலில் ஈரம் இருக்கும். அது பல்லோடு ஒட்டிக்கொண்டு நகத்துக்கு அகப்படாது. நன்றாகக் காய்ந்த பூண்டில் தோல் சருகாகித் தானே விலகி நிற்கும். ஆகவே உரிப்பதற்கு ஊரில் சொல்லப்படும் வழிகள் பலவாக இருந்தாலும், தோலை உலர்த்திப் பிரிப்பது அல்லது நனைத்துத் தளர்த்துவது என்ற இரண்டில் ஒன்றைத்தான் அவை செய்கின்றன. பிள்ளை பெற்றவர்களுக்கான லேகியத்துக்கும் ஊறுகாய்க்கும் கிலோக் கணக்கில் பூண்டு வேண்டியிருந்தபோது, ஆச்சி பற்களைப் பிரித்துச் சுளகில் பரப்பி, சில சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசறி, பங்குனி வெயிலில் அரை நாள் வைத்துவிடுவாள். சாயங்காலம் அவற்றைச் சாக்குத் துணிக்குள் போட்டுக் கசக்கிப் புடைத்தால் தோல் பறந்துபோகும், பல் மட்டும் தங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு வழியில்லை என்பதால், வெறும் தோசைக்கல்லைச் சிறுதீயில் வைத்துப் பற்களை ஒரு நிமிடம் புரட்டி எடுத்துக் கசக்குவோம். அதற்கு மேல் கல்லில் விட்டால் பல் வெந்துவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து உரிப்பது நகத்துக்கு நல்லது. ஆனால் உரித்ததைத் துணியில் ஒற்றி ஈரம் போக்காமல் எண்ணெயில் போட்டால் முகத்தில் தெறிக்கும். அன்றாடம் வேண்டிய நாலைந்து பல்லுக்கு இவை எதுவும் தேவையில்லை. அடிப்பக்கத்து வேர்முடிச்சை அரிவாமணையில் சீவிவிட்டு, டம்ளரின் அடியால் லேசாகத் தட்டினால் தோல் கழன்றுவிடும். நாலு பல் உரிக்கத் தனிக் கருவி வாங்கி அதைக் கழுவிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். பல்லைப் பிளக்கும்போது நடுவில் பச்சை முளை தெரிந்தால் கிள்ளி எறியுங்கள். நஞ்சு எதுவுமில்லை, ஆனால் பச்சையாக அரைக்கும் துவையலில் அது கசப்பைக் காட்டும்.

இனி உடைப்பதற்கு வருகிறேன். முழுப் பூண்டை மூக்கருகே வைத்துப் பாருங்கள், வாசனை அநேகமாக இருக்காது. பல்லுக்குள் அல்லின் என்ற கந்தகம் கலந்த பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. வெட்டியோ நசுக்கியோ அந்த அறைகளை உடைக்கும்போது இரண்டும் கலந்து, மூக்கைத் துளைக்கும் அல்லிசின் பிறக்கிறது. 1944இல் அமெரிக்காவில் கவாலிட்டோ, பெய்லி என்ற இரு வேதியியலார் இந்த அல்லிசினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலப்பொருளான அல்லினை 1948இல் சுவிட்சர்லாந்தில் ஸ்டோலும் சீபெக்கும் கண்டறிந்தார்கள். சமையலுக்கு இதில் முக்கியமானது, சூடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதுதான். உடைக்காத பல்லை வேகவைத்தால் காரம் பிறக்கவே வழியில்லை. பத்துப் பல் போட்டுக் காய்ச்சிய பூண்டுப் பாலைக் குழந்தைகூடக் குடித்துவிடும், ஆனால் ஒரே பல்லைப் பச்சையாக அரைத்த துவையல் நாக்கைச் சுடும். நசுக்கியதும் அடுப்பில் போடாமல் பத்து நிமிடம் விட்டுவைத்தால் காரமும் மணமும் முழுமையாக உருவாகிவிடும், பிறகு சூடு பட்டாலும் கொஞ்சமாவது மிஞ்சும்.

எங்கள் ஊர்ச் சமையல் இந்தக் கணக்கை விஞ்ஞானம் சொல்வதற்கு முன்பே கைப்பழக்கமாக வைத்திருந்தது. கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசியும் தேங்காய்த் துருவலும் வெந்தயமும் சேர்த்துப் பொங்கும் உளுந்தஞ்சோற்றில் பதினைந்து இருபது பல் முழுதாகவே விழும். அவை வெந்து வெண்ணெய் போலக் குழைந்து, எள்ளுத் துவையலோடு சேரும்போது இனிப்பாகக்கூடத் தோன்றும். ரசத்துக்கு நேர்மாறு: மிளகு, சீரகத்தோடு பூண்டைத் தோலோடு அம்மியில் வைத்து இரண்டு தட்டுத் தட்டிப் போடுவோம். விழுதாக அரைத்தால் ரசம் கலங்கும், தட்டிப் போட்டால் மணம் இறங்கும், சக்கை அடியில் தங்கிவிடும். எங்கள் வீட்டு அவியலுக்குத் தேங்காய், பச்சை மிளகாய், சீரகத்தோடு இரண்டே பல் சேர்த்து அரைப்போம். மூன்றாவது பல் சேர்ந்தால் காய்களின் ருசி பின்னால் போய்விடும். மீன் குழம்புக்குப் பற்களில் பாதியை முழுதாக வதக்கி, மீதியைத் தட்டிப் போடுவது என் வழக்கம்.

இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு முறை அவமானப்பட வேண்டியிருந்தது. தங்கையின் கலியாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்கான மறுவீட்டு விருந்தில் சொதி வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். சொதி தேங்காய்ப்பாலின் மணத்தால் நிற்கும் குழம்பு. அதில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் முழுதாக வதக்கி, மூன்றாம் பாலில் காய்களோடு வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். நாற்பது பேருக்கான பூண்டை நின்று வதக்க நேரமிருக்காது என்று கருதி, முந்தின இரவே மிக்ஸியில் அரைத்து வைத்திருந்த விழுதைச் சேர்த்துவிட்டேன். பந்தி தொடங்குவதற்கு முன் ஆச்சி ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, பூட்ட அரைச்சா ஊத்திருக்க? தேங்காப்பால் மணமே இல்லியே” என்றாள். இஞ்சித் துவையலைத் தாராளமாகப் பரிமாறி நிலைமையைச் சமாளித்தோம். ஆனால் இலையில் சொதி மிஞ்சியதை நான் பார்த்தேன்.

வதக்கும்போது பொடியாக நறுக்கிய பூண்டை வெங்காயத்துக்கு முன்னால் போடாதீர்கள். வெங்காயத்தில் இருக்கும் அளவுக்கு நீர்ச்சத்து இதில் இல்லாததால் சீக்கிரம் கருகிக் கசக்கும், அந்தக் கசப்பை எந்தப் புளியும் மறைக்காது. முழுப் பல்லானால் நல்லெண்ணெயில் முதலிலேயே போட்டு, சிறுதீயில் மேலெல்லாம் பொன்னிறக் கொப்புளம் எழும்வரை பொறுமையாகப் புரட்டலாம்.

உரிக்காத பூண்டைக் காற்றோட்டமான கூடையிலோ வலைப்பையிலோ தொங்கவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் விரைவில் முளைவிடும். உரித்த பற்களை ஈரமில்லாமல் மூடிய டப்பாவில் போட்டுக் குளிரில் வைத்தால் ஒரு வாரம் வரும். நான் ஒரு தடவை விழுதில் எலுமிச்சைச் சாறு பிழிந்து வைத்தேன். மறுநாள் அது மயில்துத்தம் போல நீலப்பச்சையாகியிருந்தது, பயந்து கொட்டிவிட்டேன். பூண்டின் கந்தகப் பொருள்களும் அமினோ அமிலங்களும் புளிப்பில் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது, கெடுதல் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. வட சீனத்தில் பூண்டைப் புளிக்காடியில் ஊறவைத்து, அந்தப் பச்சை நிறம் வர வேண்டும் என்றே லாபாப் பூண்டு போடுகிறார்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்று. பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு அடுக்களை மேடையில் நாள் கணக்கில் வைக்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. மண்ணிலிருந்து வரும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பூண்டில் இருக்கலாம். காற்றுப் புகாத, புளிப்பில்லாத எண்ணெய்க்கு அடியில் அவை வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும், வாசனையிலோ நிறத்திலோ அது தெரியாது. 1985இல் கனடாவின் வான்கூவரில், நறுக்கி எண்ணெயில் போட்டுக் குளிரூட்டாமல் வைத்திருந்த பூண்டை ஓர் உணவகம் பயன்படுத்தியதால் 36 பேர் இந்த நஞ்சுக்கு ஆளானார்கள். நம் பூண்டு ஊறுகாய்க்கு இந்த ஆபத்து வராமல் காப்பது போதுமான புளியும் உப்பும்தான், ஏனென்றால் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருக்கும் புளிப்பில் அந்தப் பாக்டீரியா வளராது. ஆகவே எண்ணெயில் போட்ட பூண்டு வேண்டுமானால், சிறிதளவு செய்து, குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கடை விழுதைப் பற்றி என் கருத்து இது: அது கெடாமலிருக்கப் புளிப்பும் உப்பும் சேர்க்கிறார்கள், அரைத்து நாளானதால் புதுப்பூண்டின் மணமும் குறைந்திருக்கும். மசாலா தூக்கலான கறிக்குழம்பில் அந்த வேறுபாடு தெரியாது. அவசரத்துக்கு நானும் போட்டிருக்கிறேன். ரசத்துக்கும் சொதிக்கும் உளுந்தஞ்சோற்றுக்கும் மட்டும் போட மாட்டேன். அவற்றுக்கு வேண்டிய பற்களை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, ஆளுக்கு ஒரு பிடியாகக் கொடுத்து உரித்துவிடுகிறேன்.