அடுத்த புள்ளியை எந்த ஸ்டாட்டில் போடுவது? டேமேஜ் பற்றிய கேள்வி பதில்

மாயாஜால ரோல் பிளேயிங் விளையாட்டுகளில் லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகளை எந்த ஸ்டாட்டில் (வலிமை போன்ற திறன் எண்ணில்) போட்டால் டேமேஜ், அதாவது எதிரிக்குத் தரும் சேதம், அதிகமாகும் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே விடையில் அடங்கும் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். விளையாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டவர்களுக்கு அந்த விளையாட்டின் எண்களைக் கொண்டே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: போர்வீரனை எடுத்து ஆடுகிறேன். வலிமையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் போதாதா?

தொடக்கத்தில் போதும், போகப்போகப் போதாது. ஆயுதத்தின் அடிப்படைத் தாக்குதல், ஸ்டாட் தரும் கூடுதல், அடி படும் வாய்ப்பு, கிரிட்டிகல் (சில அடிகள் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாக விழுவது), அடிக்கும் வேகம், எதிரியின் தற்காப்பைத் தாண்டி மிஞ்சும் பங்கு ஆகியவை ஒன்றோடொன்று பெருகித்தான் பெரும்பாலான விளையாட்டுகளில் இறுதி டேமேஜ் உருவாகிறது. பெருக்கலில் ஒரு பக்கத்தை மட்டும் வளர்ப்பது நட்டம். ஒன்றோடொன்று பெருகும் இரண்டு ஸ்டாட்களுக்கு 20 புள்ளிகளைப் பங்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாகப் பிரித்தால் பெருக்குத்தொகை 100. பதினாறும் நான்குமாகப் பிரித்தால் 64. ஆகவே எந்த ஸ்டாட் சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இன்று என் கதாபாத்திரம் இருக்கும் நிலையில் அடுத்த ஒரு புள்ளி எங்கே போனால் மொத்த டேமேஜ் அதிக சதவீதம் உயரும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடை ஒவ்வொரு சில லெவலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: டேமேஜை 20 சதவீதம் கூட்டும் மோதிரம் கிடைத்தது. அணிந்து பார்த்தால் அந்த அளவு கூடவே இல்லை. விளையாட்டில் பிழையா?

பிழை இல்லை. அந்த 20 சதவீதம் எதோடு சேர்கிறது என்பதைப் பாருங்கள். அடிப்படை டேமேஜ் 100 என்றும், வேறு பொருள்களால் ஏற்கெனவே 200 சதவீதக் கூடுதல் இருக்கிறது என்றும் கொண்டால், உங்கள் அடி 300. மோதிரம் அந்தக் கூடுதலோடு கூட்டப்பட்டால் 220 சதவீதமாகி, அடி 320 ஆகும். உண்மையான உயர்வு ஏழு சதவீதத்துக்கும் குறைவு. அதே 20 சதவீதம் தனிப் பெருக்கியாக வந்திருந்தால் அடி 360 ஆகியிருக்கும். பாத் ஆஃப் எக்ஸைல் விளையாட்டில் இந்த வேறுபாடு பொருளின் விவரத்திலேயே இருக்கிறது: ‘இன்க்ரீஸ்ட்’ என்று வருபவை எல்லாம் தம்முள் கூட்டப்படும், ‘மோர்’ என்று வருவது ஒவ்வொன்றும் தனியே பெருகும். வேறு விளையாட்டுகள் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பதால், அணிவதற்கு முன்னும் பின்னும் டேமேஜைக் குறித்துவைத்து ஒப்பிடுவதே வழி.

கேள்வி: கென்ஷின் இம்பாக்ட் ஆடுகிறேன். கிரிட் ரேட், கிரிட் டேமேஜ் இரண்டில் எதை ஏற்றுவது?

ரேட் என்பது அடி கிரிட்டிகல் ஆகும் வாய்ப்பு, டேமேஜ் என்பது அப்போது கூடும் அளவு. இரண்டையும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் ஏற்றுங்கள். அந்த விகிதம் விளையாட்டின் அமைப்பிலிருந்தே வருகிறது. முழு லெவலில் உள்ள ஐந்து நட்சத்திர சர்க்லெட் (தலையில் அணியும் பொருள்) ஒன்றின் முதன்மை ஸ்டாட் ரேட்டாக இருந்தால் 31.1 சதவீதமும், டேமேஜாக இருந்தால் 62.2 சதவீதமும் தருகிறது. துணை ஸ்டாட்களிலும் அப்படியே. அதிகபட்ச உயர்வு ரேட்டில் 3.9, டேமேஜில் 7.8. அதாவது ஒரு சதவீத ரேட்டுக்கு விலை இரண்டு சதவீத டேமேஜ்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ரேட் 60, டேமேஜ் 120 என்றிருந்தால் சராசரி அடி, கிரிட் இல்லாத அடியைப்போல் 1.72 மடங்கு. அதே விலைக்கு ரேட்டை 90 ஆக்கி டேமேஜை 60 ஆகக் குறைத்தால் 1.54 மடங்கு. எதிர்ப்பக்கமாக ரேட் 30, டேமேஜ் 180 என்று வைத்தாலும் அதே 1.54 மடங்குதான், அதோடு பத்து அடிகளில் ஏழு கிரிட் ஆகாமல் போகும் ஏமாற்றமும் சேர்ந்துகொள்ளும். ரேட் 100 சதவீதத்தைத் தாண்டினால் மிகுதி வீண் என்பதால், ஆயுதமோ தோழரின் திறனோ ரேட்டைத் தாமாகவே கூட்டுகின்றனவா என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மற்றதை டேமேஜுக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: எல்டன் ரிங்கில் பெரிய வாளை இரு கைகளாலும் பிடித்து ஆடுகிறேன். வலிமையை 80 வரை கொண்டுபோக வேண்டுமா?

வேண்டாம், 54 போதும். இரு கைகளாலும் ஒரே ஆயுதத்தைப் பிடிக்கும்போது இந்த விளையாட்டு உங்கள் வலிமையை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்கிறது. 54 என்பது 81 ஆகிவிடுகிறது. பெரும்பாலான ஆயுதங்களுக்கு 20, 60, 80 ஆகிய இடங்களில் வளர்ச்சி தளர்கிறது என்பதால், 80ஐத் தொட்ட பிறகு போடும் புள்ளி மிகச் சிறிதே தரும். முழுவதும் வேண்டும் என்பவர்கள் 66இல் நிறுத்தலாம். அது 99 ஆகக் கணக்கிடப்படும். கைக்கு ஒன்றாக இரண்டு ஆயுதங்கள் ஏந்துவோருக்கு இந்த ஒன்றரை மடங்கு கிடையாது.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். விளையாட்டின் முற்பாதியில் லெவலைவிட ஆயுத மேம்பாடே டேமேஜைத் தூக்குகிறது. மேம்பாட்டுக் கற்களைக் கொண்டு சாதாரண ஆயுதம் +25 படி வரையும், சோம்பர் என்ற தனிவகைக் கல்லால் மேம்படும் ஆயுதம் +10 படி வரையும் செல்லும். ஒவ்வொரு படியிலும் அடிப்படைத் தாக்குதல் உயர்வதோடு, ஸ்டாட்டிலிருந்து ஆயுதம் பெறும் பங்கும் வளர்கிறது. வலிமையைப் பத்துப் புள்ளி ஏற்றிவிட்டு +3 வாளோடு பாஸின் (பெரிய எதிரியின்) முன் போய் நிற்பவர்களைப் பார்க்கும்போது, லெவலுக்குச் செலவான ரூன்களில் (விளையாட்டின் நாணயத்தில்) கொஞ்சத்தைக் கற்களுக்குச் செலவிட்டிருக்கலாமே என்று உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: உயிர்ப்புள்ளியில் போடும் ஒவ்வொரு லெவலும் டேமேஜுக்கு இழப்புதானே?

விழுந்து கிடக்கும் வீரனின் டேமேஜ் பூஜ்யம். எல்டன் ரிங்கில் உயிர்ப்புள்ளியைக் கூட்டும் ஸ்டாட்டான விகர் 40இல் 1450 உயிர்ப்புள்ளி, 60இல் 1900, 99இல் 2100. நாற்பதிலிருந்து அறுபது வரை 20 லெவலுக்கு 450 கிடைக்கிறது. அதன் பிறகு 39 லெவலுக்கு 200 மட்டுமே. கதையின் பிற்பகுதிக்குள் 60ஐ எட்டிவிட்டு, மிச்சத்தை எல்லாம் தாக்குதலுக்குத் தாருங்கள்.

கேள்வி: வேகமான கத்தியா, மெதுவான கோடரியா? ஒரு நொடிக்கான டேமேஜ் இரண்டிலும் ஒன்றாகத்தான் காட்டுகிறது.

எதிரியின் கவசம் ஒவ்வொரு அடியிலிருந்தும் ஒரு நிலையான எண்ணைக் கழிக்கும் விளையாட்டு என்றால், கோடரி. கவசம் 20 எனில், 100 டேமேஜ் கொண்ட ஓர் அடியில் 80 மிஞ்சும். 50 டேமேஜ் கொண்ட இரண்டு அடிகளில் மொத்தம் 60தான் மிஞ்சும். கவசம் சதவீதமாகக் குறைக்கும் விளையாட்டில் இந்த இழப்பு இல்லை. அங்கே ஒவ்வொரு அடிக்கும் நெருப்போ நஞ்சோ சேர்க்கும் கூடுதல்கள் இருந்தால் கத்தி முந்திவிடும். ஒரே அடியை உடல் டேமேஜ், மாய டேமேஜ் என்று இரண்டாகப் பிரிக்கும் ஆயுதங்களை விரும்புவோரும் இதைக் கவனிக்க வேண்டும். இரு பங்குகளும் தனித்தனித் தற்காப்பைச் சந்திப்பதால், திரையில் தெரியும் மொத்த எண் எதிரியின் மேல் அப்படியே இறங்குவதில்லை.

கேள்வி: பால்டர்ஸ் கேட் 3இல் நான்காம் லெவலில் வலிமையை 16இலிருந்து 18 ஆக்குவதா, கிரேட் வெப்பன் மாஸ்டர் எடுப்பதா?

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடை கதாபாத்திரத்தைவிடக் குழுவைப் பொறுத்தது. கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற திறன், அடி படுமா என்று உருட்டும் பகடையில் 5 குறைத்துக்கொண்டு டேமேஜில் 10 கூட்டுகிறது. இருபது முகப் பகடையில் 5 என்பது 25 சதவீத வாய்ப்பு. பெருவாளின் சராசரி 7, வலிமை 16 தரும் கூடுதல் 3, ஆக அடிக்கு 10.

சாதாரண எதிரியின் மேல் அடி படும் வாய்ப்பு 65 சதவீதம் என்போம். வலிமையை 18 ஆக்கினால் கூடுதல் 4 ஆவதால் வாய்ப்பு 70, அடி 11, சராசரி 7.7. மாஸ்டர் எடுத்தால் வாய்ப்பு 40, அடி 20, சராசரி 8. ஏறக்குறைய சமம். ஆனால் எதிரியைத் தள்ளி வீழ்த்தியோ வேறு வகையிலோ அட்வான்டேஜ் கிடைத்துவிட்டால், இரண்டு பகடைகளில் பெரியதை எடுப்பதால், முதல் வழியில் சராசரி 10, இரண்டாம் வழியில் 12.8. கனமான கவசம் பூண்ட எதிரியின் மேல் வாய்ப்பு 45 சதவீதத்துக்கு இறங்கினால் நிலை தலைகீழாகிறது: முதல் வழியில் 5.5, இரண்டாம் வழியில் 4. அப்போது அந்தத் திறனை அணைத்துவிட்டு அடிக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. குழுவில் ‘பிளெஸ்’ போடும் மதகுரு இருந்தால் பகடையில் சராசரி 2.5 கூடும், அந்த ஒரு மந்திரமே இழந்த வாய்ப்பில் பாதியை மீட்டுத் தந்துவிடுகிறது. அப்படிப்பட்ட குழுவாக இருந்தால் தயங்காமல் மாஸ்டரை எடுங்கள்; தனியாக முன்னால் பாய்ந்து அடிக்கும் பழக்கம் என்றால் வலிமை நல்லது.

கேள்வி: அதே விளையாட்டில் தொடக்கத்தில் 17 வைப்பது நல்லதா?

பின்னால் ஒரு புள்ளி சேர்க்கப் போகிறீர்கள் என்றால் மட்டும். கூடுதல் என்பது இரட்டை எண்ணில்தான் ஏறுகிறது. 16க்கும் 17க்கும் ஒரே +3. விலையையும் பாருங்கள்: தொடக்கத்தில் கிடைக்கும் +2ஐச் சேர்த்து 16 ஆகும் 14க்கு 7 புள்ளி, 17 ஆகும் 15க்கு 9 புள்ளி.

கேள்வி: ஏற்கெனவே புள்ளிகளைத் தாறுமாறாகப் போட்டுவிட்டேன். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

தேவையில்லை. பால்டர்ஸ் கேட் 3இல் முகாமுக்கு வரும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 பொன் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றலாம். எல்டன் ரிங்கில் ரெனாலா என்ற பாஸை வென்ற பிறகு, அவரிடம் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்து மாற்றலாம்.

கேள்வி: இவ்வளவு கணக்கு எனக்கு வராது. சோதித்தே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, பல வேளைகளில் கணக்கைவிட அதுவே நம்பகமானது, ஏனெனில் விளையாட்டு வெளியே காட்டாத தற்காப்பும் அதில் அடங்கிவிடும். எல்டன் ரிங்கில் லெவல் ஏற்றும் திரையில் புள்ளியை உறுதி செய்வதற்கு முன்பே தாக்குதல் எண் எவ்வளவு மாறும் என்று தெரியும். ஒவ்வொரு ஸ்டாட்டாக ஒரு புள்ளி ஏற்றிப் பார்த்துவிட்டு வெளியேறலாம். அடுத்து, உடனே சாகாத எதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஆயுதத்தால், ஒரே அடியை, மற்ற உதவிகள் எதுவும் இல்லாமல் கொடுத்து, அதன் உயிர்க்கோட்டுக்கு மேல் தோன்றும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து அதே எதிரியை அதே அடியால் தாக்குங்கள். கிரிட்டிகலும் பகடையும் உள்ள விளையாட்டுகளில் ஓரிரு அடிகளை வைத்து முடிவு செய்யாமல், இருபது முப்பது அடிகளின் சராசரியை எடுங்கள். ஒரே நேரத்தில் மோதிரத்தையும் ஸ்டாட்டையும் மாற்றினால், உயர்வு எதனால் வந்தது என்று சொல்ல இயலாது.