நர்சிங்கா, பிசியோவா, ஃபார்ம்.டி.யா?

பிளஸ் டூ முடித்துவிட்டேன். நர்சிங், பிசியோதெரபி, ஃபார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பு, இந்த மூன்றில் எதை எடுத்தால் இங்கிலாந்துக்கு வரலாம் என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறாய், தங்கச்சி. நானும் பாலக்காடு சித்தூர் பக்கம்தான். இங்கே வார்டு நர்ஸாக இருக்கிறேன்.

வருவதற்கு வசதி என்று மட்டும் பார்த்தால் நர்சிங்தான். நாலு வருடப் படிப்பு, நர்சிங் கவுன்சில் பதிவு, ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, இந்தியாவிலேயே எழுதும் கம்ப்யூட்டர் தேர்வு, அப்புறம் இங்கே ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. பிசியோ என்றால் ஹெச்.சி.பி.சி. என்ற அமைப்பு உன் பாடத்தையும் பயிற்சியையும் துருவிப் பார்த்துத்தான் பதிவு தரும். ஃபார்ம்.டி. ஊரிலேயே ஆறு வருடம். எனக்குத் தெரிந்தவர்கள் இங்கே மேலும் ஒரு வருடம் படித்து, ஒரு வருடம் பயிற்சி எடுத்து, தேர்வும் எழுதித்தான் ஃபார்மசிஸ்ட் ஆனார்கள்.

ஆனால் வசதியை வைத்து முடிவெடுக்காதே. கோவிட் சமயத்தில் இந்த நாடு நர்ஸ்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுத்தது. இப்போது வெளிநாட்டு ஆளெடுப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. நீ படித்து முடிக்கும்போது எந்த நாடு கூப்பிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. தினமும் செய்யப்போகிற வேலை உனக்கு ஒத்துவருமா, அதைப் பார்.

நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பைஸ்டாண்டர், அதாவது நோயாளிக்குத் துணையாக வந்த வீட்டு ஆள், இருப்பார். கஞ்சி கொடுப்பது, துடைத்துவிடுவது, சீட்டோடு மருந்துக்கடைக்கு ஓடுவது எல்லாம் அவர்தான். இங்கே அந்த ஆள் கிடையாது. எண்பது வயது மனிதரைக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது நர்ஸும் உதவியாளரும்தான். கை கழுவிய மறுநிமிடம் மார்ஃபின் என்ற கடுமையான வலிமருந்து கொடுக்கவேண்டி வரும். பூட்டிய அலமாரியைத் திறந்து, இன்னொரு நர்ஸைச் சாட்சிக்கு வைத்து, ரிஜிஸ்டரில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோயாளியின் கைப்பட்டையில் பெயரும் பிறந்த தேதியும் பார்த்துக் கொடுக்கவேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ராத்திரியும் உண்டு. எனக்கு இந்த வேலை உயிர். அருவருப்போ தூக்கக் கேடோ தாங்காதவர்களுக்கு இது தண்டனை.

ஊரில் பிசியோ என்றால் முட்டிவலிக்குக் கரண்ட் வைப்பவர் என்றே நினைக்கிறார்கள். இங்கே இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன மறுநாளே பாட்டியை எழுப்பி நிற்கவைப்பவர் அவர். படி ஏறி இறங்கிக் காட்டும்வரை வீட்டுக்கு அனுப்பவேண்டாம் என்று அவர் சொன்னால் டாக்டரும் கேட்பார். ராத்திரி ஷிஃப்ட் அபூர்வம். அரசு மருத்துவமனையில் நர்ஸுக்கும் பிசியோவுக்கும் தொடக்கச் சம்பளம் ஒரே படிதான். பொறுமையும் பேச்சும் உன்னிடம் இருந்தால் தயங்காமல் எடு. ஃபார்ம்.டி.யை மருந்துகள் மேல் நிஜமான ஆர்வம் இருந்தால் மட்டும் எடு, வெளிநாட்டுக்காக வேண்டாம்.

சேருவதற்கு முன் ஒன்று செய். சொந்தக்காரர் யாராவது அட்மிட் ஆனால் ஒரு ராத்திரி பைஸ்டாண்டராகப் போய் உட்கார். நைட் டியூட்டி நர்ஸ் என்னென்ன செய்கிறார் என்று விடியும்வரை பார்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் பணம் கேட்டால் கொடுக்காதே. இந்த நாட்டுச் சட்டப்படி அப்படி வாங்கக் கூடாது. அப்புறம், நம்மவர்களுக்கு இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக வரும். பெயர் இரண்டு விதமாக இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் 'ஒன் அண்ட் த சேம்' சான்றிதழை வில்லேஜ் ஆபீசில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்.