இரண்டு ஏட்டிலும் இல்லாத குழந்தை

அன்புள்ள ஐயா,

என் மகன் கலிபோர்னியாவில் வசிக்கிறான். மருமகளின் பாட்டி குமமோட்டோவைச் சேர்ந்த ஜப்பானியர். பாட்டனார் யூதர், போருக்குப் பின் ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்; அவருடைய பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து நியூயார்க்கில் குடியேறியவர்கள். இவ்விருவருக்கும் 1956இல் யோகோஹாமாவில் பிறந்தவர் என் சம்பந்தி அம்மாள். பேரன் பிறந்ததிலிருந்து மருமகளுக்கு வம்சாவளியைத் தேடும் ஆசை வந்திருக்கிறது. டிஎன்ஏ சோதனை போதுமா? குடும்பப் பெயரைக் கொண்டு எவ்வளவு பின்னால் போகலாம்? இவர்களுடைய உண்மையான வேர் எது, ஜப்பானா யூதமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாகப் பதிவேடுகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். முதல் கேள்வியை ஒதுக்கிவிடுகிறேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணந்தவர்கள் என்பதால், அந்தச் சோதனையில் எட்டிய உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும். குடும்பப் பெயரோ அரசாணையின் குழந்தை. ரஷ்யப் பேரரசு 1804இல் யூதர்களையும், ஜப்பானின் மெய்ஜி அரசு 1875இல் தன் குடிகளையும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தின. அதற்கு முன்னால் போகப் பெரும்பாலும் பெயர் உதவாது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு காலம் தள்ளும் நமக்கு அதில் என்ன மலைப்பு?

மூன்றாவது கேள்விதான் எனக்குக் கோபமூட்டியது. பேரனைக் கொஞ்ச வேண்டிய வயதில் 'உண்மையான வேர்' என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வியால் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா? கொசெகி எனப்படும் ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டின் 1872ஆம் ஆண்டுப் பிரதியை 1968 முதல் எவருக்கும் காட்டுவதில்லை. ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் பழைய அடையாளம் அதில் இருந்தது. கல்யாணத்துக்கும் வேலைக்கும் முன் அதைத் தோண்டிப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

உங்கள் சம்பந்தி அம்மாளின் கதைக்கு வருகிறேன். யூதச் சமயச் சட்டமான ஹலாகாவின்படி, தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை பிறப்பால் யூதர். அன்றைய ஜப்பானியக் குடியுரிமைச் சட்டப்படி, மணமான தம்பதியரில் தந்தை ஜப்பானியராக இருந்தால்தான் பிள்ளை ஜப்பானியர். தாய் யூதராகவும் தந்தை ஜப்பானியராகவும் இருந்திருந்தால் இரண்டு தரப்பும் அந்தக் குழந்தையைத் தன்னுடையது என்றிருக்கும். இங்கே தாயும் தந்தையும் இடம் மாறி நின்றதால், யோகோஹாமாவில் பிறந்த அந்தப் பெண் குழந்தை, பாட்டி மதம் மாறியிருந்தாலொழிய, இரண்டு கணக்கிலும் இல்லை. கொசெகியில் வெளிநாட்டாருக்கு இடமில்லை என்பதால், பாட்டியின் திருமணக் குறிப்பில் பாட்டனாரின் பெயர், வெளிநாட்டுப் பெயர்களை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் காதகானா எழுத்தில் இருக்கும். மகளுக்கு அந்த ஏட்டில் ஓர் இடமும் இருக்காது. அமெரிக்கச் சீர்திருத்த யூதர்கள், யூதராக வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தைவழியையும் ஏற்றது 1983இல். ஜப்பான் தாய்வழியையும் ஏற்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1985இல். அவருக்கு அப்போது முப்பது வயது நெருங்கிவிட்டது. அந்த அம்மாளைப் பார்த்து எது உண்மையான வேர் என்று கேட்க உங்களுக்கு எப்படி ஐயா வாய் வந்தது?

இரண்டு கணக்கிலும் சேரக்கூடிய பிள்ளைக்கும் நிம்மதி இருந்ததில்லை. எலைன் யொனேடா யூதர். அவருடைய கணவர் கார்ல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1942இல், போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா அடைத்துவைத்த மன்சானார் முகாமுக்கு அவர்களுடைய மூன்று வயது மகனை அனுப்பியே தீர வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் சொன்னபோது, எலைன் பிடிவாதமாகத் தானும் உடன் சென்றார். முகாம் வாசலில் அந்தப் பிள்ளையின் தாய்வழியை எவரும் பொருட்படுத்தவில்லை.

நாகசாகியின் சகமோட்டோ பன்னாட்டு இடுகாட்டில் யூதர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஒரு மழைநாளில் அங்கே நெடுநேரம் நின்றிருந்தேன். எபிரேயக் கல்லறைக் கல்லில் இறந்தவரின் பெயரோடு தந்தையின் பெயரையும் செதுக்குவது மரபு. ஒரே கல்லில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். ஜப்பானியக் கல்லறைகளிலோ பெரும்பாலும் 'இன்ன குடும்பத்தாரின் கல்லறை' என்று மட்டுமே முகப்பில் இருக்கும். ஆகவே பாட்டனாரின் கல்லறையைப் படமெடுத்து, எபிரேயம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பாட்டியின் பக்கத்துக்குக் கொசெகிதான் வழி. நேர் சந்ததியினர் வேறு நாட்டுக் குடிமக்களானாலும் அதன் நகலைக் கேட்கலாம். ஆனால் பாட்டியின் ஹொன்செகி, அதாவது குடும்பம் பதிவாகியிருக்கும் முகவரி, தெரிந்திருக்க வேண்டும். குமமோட்டோ என்று மட்டும் சொன்னால் போதாது, அந்த மாவட்டத்தில் எந்த ஊர் என்பதும் வேண்டும். சம்பந்தி அம்மாளிடம் அதை மருமகளே கேட்கட்டும்; நீங்கள் கேட்க வேண்டாம்.