‘எதுல போட்டே ராசா?’

கேள்வி: நான் நீலகிரியில் பந்தலூர் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். வயது 46. வீட்டில் அம்மா, மனைவி, பிளஸ் டூ முடித்த மகள், எட்டாவது படிக்கும் மகன். அம்மா 1973-ல் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டு ஓட்டு சிதறாது, ஒரே சின்னத்துக்குத்தான் போகும். இந்தத் தேர்தல் வந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை. மகன் பிரசார வண்டிக்குப் பின்னாலேயே ஓடினான். 17 வயது மகள், ‘எனக்கு ஓட்டு வந்தால் யாருக்குப் போடுவேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்’ என்கிறாள். பட்டியலில் பெயர் சேர்க்க என் வாக்காளர் அட்டை எண்ணைக் கேட்டாள். ‘முதலில் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொள்’ என்று சொல்லிக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். ஓட்டுப்போடும் நாளன்று எல்லோரும் சேர்ந்துதான் போனோம். அம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால் நானே உள்ளே கூடப்போய்ப் போட்டுவிட்டேன். வெளியே வந்ததும் ‘எதுல போட்டே ராசா?’ என்று கேட்டார், எல்லோரும் சிரித்துவிட்டோம். மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அரசியல் வீட்டுக்குள் வராமல் பிள்ளைகளை வளர்ப்பது எப்படி?

பதில்: தேர்தல் முடிந்த கையோடு இப்படிக் கடிதங்கள் வரும். மகன் வேறு கட்சி, மருமகள் வேறு கட்சி, மாமனார் பேச்சை நிறுத்திவிட்டார் என்று. பல வருஷங்களாகப் படித்துவருகிறேன். உங்கள் கடிதம் நான்கு பக்கம், இடத்துக்காகச் சுருக்கியிருக்கிறேன். மகளின் வாயைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றி மூன்று வரி. எனக்கு அந்த மூன்று வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

‘எதுல போட்டே ராசா?’ என்று அம்மா கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். சரி, அப்புறம் என்ன பதில் சொன்னீர்கள்?

அதை நீங்கள் எழுதவில்லை. பதிலே சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ‘நம்ம சின்னத்துலதான்மா’ என்று சொல்லியிருந்தாலும் அது அவருக்குப் பதில் ஆகாது. உள்ளே போகும் முன்பு ‘யாருக்கும்மா போடணும்?’ என்று நீங்கள் கேட்டிருந்தால், வெளியே வந்து அவர் உங்களைக் கேட்டிருக்க மாட்டார். தன் ஓட்டு எங்கே போனது என்று தன் பிள்ளையிடம் விசாரிக்கிற நிலைமையில் ஒரு தாயை நிறுத்திவிட்டு, அதைச் சிரிப்பான சங்கதியாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தம்பி.

கண் தெரியாதவருக்கோ, உடம்பு முடியாதவருக்கோ துணைக்கு ஒருவர் உள்ளே போகலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. அதற்கு விதி இருக்கிறது. துணைக்குப் போகிறவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அன்றைக்கு ஒருவருக்கு மட்டும்தான் துணை போகலாம். வாக்காளரின் விருப்பப்படியே ஓட்டைப் பதிய வேண்டும், அதை ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். வாக்குச்சாவடி அலுவலர் உங்களிடமும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார். படித்தீர்களா? அந்தத் தாளின் பொருள் ஒன்றுதான்: அந்தச் சில நிமிடங்களுக்கு நீங்கள் அம்மாவின் கண்ணும் விரலும். அவருடைய மனசாக இருக்க உங்களுக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் 7 விநாடி ஒரு சீட்டு தெரியுமே, பெயரும் சின்னமும் போட்டு. அதையாவது அவர் காதோடு வாசித்துச் சொல்லியிருக்கலாம்.

‘அம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான், அவர் கேட்டுக்கொள்ள மாட்டார்’ என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டுக்கொள்ளாதவர் எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டார்?

1973-ல் கப்பலில் வந்தவர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதன் பாரம் உங்களுக்குத் தெரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. 1947 தேர்தலில் இலங்கைத் தோட்டங்களில் நம் ஆட்கள் ஓட்டுப் போட்டு நாடாளுமன்றத்துக்கே ஆள் அனுப்பினார்கள். அடுத்த வருஷம், 1948-ல், அவர்களில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய சட்டம் வந்தது. 1949-ல் ஓட்டும் போனது. உங்கள் அம்மாவுக்கு 73 வயது என்றால், ஓட்டுப் பறிபோன வீட்டில், ஒரு லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், பிறந்தவர் அவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் காலை முதல் மாலை வரை கொழுந்து பறித்தார்கள். எந்த நாட்டுக்காரர்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். அப்படிப் பிரிக்கப்பட்டவர்களில் ஒருவர் உங்கள் அம்மா. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்து மறுபடியும் கூடை கட்டிய தலைமுறை அது. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கினார்கள்.

அம்மா முதல் முதலாக எந்த வருஷம் ஓட்டுப் போட்டார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? அன்றைக்கு என்ன சேலை கட்டினார், யாரோடு நடந்து போனார், விரலில் மை வைத்தபோது எப்படி இருந்தது என்று? உங்கள் மகள் கேட்டிருப்பாள் என்று என் மனசு சொல்கிறது. பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த பெண்தான் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

இப்போது மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் ‘சொல்ல மாட்டேன்’ என்றதை நீங்கள் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டீர்கள். அவள் இடத்தில் நின்று பாருங்கள். ஓட்டில்லாததால் பள்ளிக்கூட வாசலில் வெளியே காத்திருக்கிறாள். பாட்டி வெளியே வருகிறார், கேட்கிறார். அப்பா சிரிக்கிறார், அம்மாவும் சிரிக்கிறார், கூட நின்றவர்களும் சிரிக்கிறார்கள். இந்த வீட்டில் ஒரு பெண்ணின் ஓட்டு என்ன கதி ஆகும் என்று அவள் அங்கேயே தெரிந்துகொண்டாள். தன்னுடையதைப் பத்திரப்படுத்தப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அவள் வாயைத் திருத்த என்னிடம் வழி கேட்காதீர்கள்.

இன்னொன்று. பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல், அதே வீட்டில் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவரின் அட்டை எண்ணைக் கேட்பார்கள். பாட்டியின் எண் போதும், அம்மாவின் எண் போதும். அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு அவள் பேசாமல் போயிருக்கலாம். உங்களிடம் வந்து கேட்டாள். ‘அப்பா, உங்கள் எண்ணைக் கொடுங்கள்’ என்று ஒரு பெண் கேட்பதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்? அதை நீங்கள் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இந்த வரியைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அந்த எண்ணைக் கொடுங்கள். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 18 நிரம்பியதும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் அடுத்து எது வருகிறதோ அதைக் கணக்கில் வைத்துப் பெயர் சேர்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்கு போன் போடச் சொல்லுங்கள்.

‘எங்கள் வீட்டு ஓட்டு சிதறாது’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமை யாருக்கு லாபம்? தேர்தலுக்கு முன்பு வீடு வீடாக நோட்டை வைத்துக்கொண்டு வருகிறார்களே, அவர்களுக்கு. ‘அந்த வீட்டில் மூன்று ஓட்டு’ என்று குறித்துக்கொண்டு, குடும்பத் தலைவர் ஒருவரிடம் பேசிவிட்டால் போதும் என்று அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். உங்கள் அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ‘பாட்டி, உங்களுக்கு என்ன வேணும்?’ என்று ஒரு வேட்பாளர் அவர் முன்னால் குனிந்து கேட்கும் வாய்ப்பை வாசலிலேயே மறித்தது நீங்கள்தான்.

குடும்பம் உடையட்டும் என்று சொல்கிறவள் இல்லை நான். இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பெரியவர்களைக் கேட்காமல் பெரிய காரியம் செய்யக்கூடாது, தாய் தகப்பனைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவது பிள்ளையின் கடமை என்று எழுதி எழுதித் திட்டு வாங்கியவள். ஆனால் என் வீட்டில் நான் பார்த்தது இது. என் அம்மா எழுத்தறியாதவர். குன்னூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த பள்ளியில் ஓட்டுப் போட்டுவிட்டு மேடு ஏறி வருவார். மை வைத்த விரல்மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு நேரே சமையலறைக்குள் போய்விடுவார். அப்பா வாசல்படியில் நின்றபடி, ‘யாருக்குடி போட்டே?’ என்பார். அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்பா, ‘சரி, காபியாவது போடு’ என்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் இதுதான் நடக்கும். அப்பா கண்ணை மூடும் வரை அவருக்குத் தெரியாது. அவர்கள் 41 வருஷம் ஒன்றாக வாழ்ந்தார்கள். அப்பாவின் கடைசி ஆறு மாதம் அம்மா அவர் கட்டிலை விட்டு நகரவில்லை.

அரசியல் வீட்டுக்குள் வராமல் வளர்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். பந்தலூரில் இருந்துகொண்டு அது எப்படி முடியும்? பச்சைத் தேயிலை விலை விழுந்தால் உங்கள் வண்டிக்கு லோடு குறைகிறது. யானை நடமாட்டம் என்றால் டியூஷன் முடிந்த பிள்ளையை அழைத்துவர ஆள் போக வேண்டும். கூடலூர், பந்தலூரில் ‘பிரிவு 17’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1969-ல் ஜன்ம எஸ்டேட் (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டம் வந்தது, அதன் 17-வது பிரிவில் சிக்கிய நிலத்தில் பட்டாவுக்கும் கரண்டுக்கும் இன்னும் அலைகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். இதையெல்லாம் பிள்ளைகளோடு பேசுங்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் எந்தக் கட்சி, ஏன் அந்தக் கட்சி என்று காரணத்தோடு சொல்லுங்கள். தகப்பனுக்கு அந்த உரிமை இருக்கிறது. கேட்டுவிட்டு மகள் என்ன முடிவு செய்கிறாள் என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.

மகன் கதை வேறு. 13 வயதுப் பையன் மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவுகளில், பிரசார வண்டிக்குப் பின்னால் ஓடினான் என்கிறீர்கள். நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பிரசாரத்தில் சிறுவர்களை எந்த வகையிலும் பயன்படுத்தக்கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குக் கண்டிப்பாகவே உத்தரவிட்டது. அடுத்த தேர்தலில் யாராவது அவன் தோளில் துண்டைப் போட்டால், நேரே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். உங்கள் அதிகாரத்தை அங்கே காட்டுங்கள்.

கடைசியாக, அம்மாவின் கண். ‘மங்கல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். புரையா, சர்க்கரையா, வேறு ஏதாவதா? எத்தனை வருஷமாக மங்கல்? டாக்டர் பார்த்தாரா? புரையாக இருந்தால் அரசு மருத்துவமனையில் பணம் வாங்காமல் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைக்கிறார்கள். ஊருக்கெல்லாம் கொழுந்து ஏற்றும் வண்டி உங்கள் வாசலில் நிற்கிறது. அதில் ஒரு நாள் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக உங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் கண் தெரியாத அம்மாவின் ஓட்டைப் போட முதல் ஆளாக உள்ளே போனீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறைக்கப் போவதில்லை.

இந்த வாரமே அவரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். பார்வை முழுக்கத் திரும்பவில்லை என்றால், அடுத்த முறை துணைக்கு யார் வர வேண்டும் என்று அம்மாவே சொல்லட்டும். அதற்குள் பேத்திக்கு 18 ஆகியிருக்கும். அவர் அவளைக் கூப்பிட்டால் நீங்கள் வருத்தப்படக்கூடாது.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். எந்தச் சின்னத்தில் போட்டேன், உங்களைக் கேட்காமல் போட்டேன் என்று சொல்லுங்கள். ‘நீங்க யாருக்குப் போட நினைச்சீங்கம்மா?’ என்று கேளுங்கள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். மகளை அந்த நேரத்தில் வேறு வேலைக்கு அனுப்ப வேண்டாம்.